ஆச்சிக்கு 74, பேரனுக்கு 131

கேள்வி: எனக்கு வயது 58. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கிராமம். நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். கல்யாணம் ஆகும்வரை கட்டை அடுக்கினேன், அப்புறம் வீட்டில் இருந்தபடி பெட்டி ஒட்டினேன். மூத்த மகளின் பையன் ஒன்பதாவது படிக்கிறான். போனில் ஐக்யூ டெஸ்ட் என்று படம் படமாக ஏதோ வந்தது. அவன் டக் டக்கென்று தட்டி 131 எடுத்துவிட்டான். என்னையும் போடச் சொன்னான், 74 வந்தது. "ஆச்சி, தலைமுறைக்குத் தலைமுறை மனுசனுக்கு மூளை கூடிக்கிட்டே போகுதாம்" என்று சிரிக்கிறான். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எப்போது விதைக்கலாம் என்று ஊரே அவரிடம்தான் வந்து கேட்கும். அவருக்கு இந்த டெஸ்ட் வைத்திருந்தால் என்ன வந்திருக்கும்? நிஜமாகவே புத்தி கூடிக்கொண்டு போகிறதா? இன்னும் இரண்டு சந்தேகம். பேரனை மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன் வகுப்பில் சேர்க்கலாமா என்று அவன் அம்மா கேட்கிறாள். பீஸ் அதிகம். இளைய மகள் ஐந்து மாதம். பிறக்கிற பிள்ளைக்கு மூளை நன்றாக இருக்க என்ன கொடுக்க வேண்டும்?
— வாசகி ஒருவர், கோவில்பட்டி வட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த 74-ஐ மறந்துவிடுங்கள். போனில் வருகிற ஐக்யூ டெஸ்டுகளில் பெரும்பாலானவை விளம்பரம் பார்க்க வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. உண்மையான தேர்வு என்றால் பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து எடுக்க வேண்டும். வயது வாரியாக ஏராளமான பேரிடம் முன்பே வைத்துப் பார்த்த கணக்கு அதற்கு இருக்க வேண்டும். உங்கள் மதிப்பெண்ணை உங்கள் வயதுக்காரர்களோடுதான் ஒப்பிடுவார்கள். 58 வயது ஆச்சியையும் ஒன்பதாவது படிக்கிற பையனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற தேர்வு தேர்வே இல்லை.

ஆனால் பேரன் சொன்ன சங்கதி கட்டுக்கதை அல்ல. ஃபிளின் விளைவு என்று அதற்குப் பெயர். ஜேம்ஸ் ஃபிளின் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்தியவர், உளவியல்காரர்கூட இல்லை. ஐக்யூ தேர்வில் ஒரு வயதுக்காரர்களின் சராசரியை எப்போதும் 100 என்று வைத்துவிடுவார்கள். சில பத்தாண்டுக்கு ஒரு முறை தேர்வைப் புதுப்பித்து, அன்றைய பிள்ளைகளின் சராசரியை மறுபடி 100 ஆக்குவார்கள். ஒரே பிள்ளைகள் பழைய தேர்வையும் புதிய தேர்வையும் எழுதிய கணக்குகளை ஃபிளின் தேடி எடுத்தார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் பிள்ளைகள் பழைய தேர்வில்தான் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். அப்படியென்றால் பழைய தலைமுறையின் 100 இப்போதைய 100-ஐவிடத் தாழ்ந்தது. 1932-லிருந்து 1978 வரை அமெரிக்கர்களின் மதிப்பெண் சுமார் 14 புள்ளி ஏறியிருக்கிறது என்று 1984-ல் எழுதினார். 1987-ல் 14 நாடுகளின் கணக்கை வெளியிட்டார். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு வந்த 18 வயது இளைஞர்கள் 1952-க்கும் 1982-க்கும் இடையில் 20 புள்ளி ஏறியிருந்தார்கள். பொதுவாகப் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி என்பார்கள்.

இந்தக் கணக்கைப் பின்னால் ஓட்டிப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய சராசரி மனிதருக்கு இன்றைய அளவில் 70-ஐ ஒட்டித்தான் வரும். 70-க்குக் கீழே என்றால் இன்று மருத்துவர்கள் அறிவுசார் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள். அப்படியானால் நம் பூட்டன் பூட்டிகளில் பாதிப் பேர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களா? இது அபத்தம் என்று ஃபிளினுக்கே தெரிந்திருந்தது. அவருடைய மீதி வாழ்நாளில் பெரும்பகுதி இந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் போனது.

உங்கள் அப்பாவை எடுத்துக்கொள்வோம். கரிசலில் மானாவாரி வெள்ளாமை என்றால் என்ன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பேரனுக்காகச் சொல்கிறேன். வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடுகிறது. மழை விழுந்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால், ஊறிய கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், ஏர் இறங்காது. காய்வதற்குள் பருவம் போய்விடும். முந்திக்கொண்டு புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்தால் வேறொரு ஆபத்து. ஒரு சின்னத் தூறலில் விதை முளைத்து, அடுத்த மழை வராமல் கருகிப் போகும். அதனால் விதையை ஆழமாகப் போட வேண்டும். மேல்மண் நனைகிற அளவுத் தூறலுக்கு அது முளைக்கக் கூடாது, அடிவரை ஈரம் இறங்கினால்தான் முளைக்க வேண்டும். எவ்வளவு ஆழம், எந்தப் பிஞ்சையில் முதலில், பருத்தியா சோளமா, கையில் இருக்கும் விதையில் எவ்வளவை மறுவிதைப்புக்கு ஒதுக்குவது? இத்தனையையும் வானிலை அறிக்கை இல்லாமல், எழுதிவைத்த குறிப்பு இல்லாமல், தப்பினால் வருசமே போய்விடும் என்ற நிலையில் ஒருவர் முடிவு செய்திருக்கிறார். 1901-லிருந்து கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவந்த கேள்விகளில் இவையும் உண்டு. இந்தத் திறமையை அளக்கிற கேள்வி ஐக்யூ தாளில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியானால் ஏறியது எது? பதில் தேர்வின் உள்ளேயே இருக்கிறது. ஐக்யூ தேர்வு ஒரே கேள்வித்தாள் அல்ல, பல பகுதிகள் சேர்ந்தது. மனக்கணக்கு, சொல்லறிவு, பொது அறிவு ஆகிய பகுதிகளில் ஏற்றம் கொஞ்சம்தான். மலைபோல் ஏறியவை இரண்டு. ஒன்று, ரேவன் தேர்வு. 1938-ல் வந்தது. கட்டம் கட்டமாக உருவங்கள் இருக்கும், விடுபட்ட கட்டத்தில் எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். போனில் நீங்கள் பார்த்தது அதன் நகலாகத்தான் இருக்கும். இரண்டாவது, இரண்டு பொருளைச் சொல்லி 'இவை எப்படி ஒன்று?' என்று கேட்கிற பகுதி.

உளுந்தும் பருத்தியும் எப்படி ஒன்று என்று உங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? பருத்திக்கு ஊடே உளுந்து போடுவோம், அது முன்னாடி அறுப்புக்கு வந்திரும்" என்றிருப்பார். முழுக்க முழுக்கச் சரி. ஆனால் மதிப்பெண் பூஜ்யம். "இரண்டும் தாவரங்கள்" என்றால்தான் மதிப்பெண். உங்கள் பேரன் மூன்றாம் வகுப்பிலேயே அதைச் சொல்லியிருப்பான். அவனுக்கு உளுந்துச் செடியைப் பார்த்து அடையாளம் தெரியுமா என்பது வேறு விசயம்.

1931, 32-ல் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். அதுவும் பருத்திச் சீமைதான். பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் தூர வடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம் என்று எழுத்தறியாத விவசாயிகளிடம் கேட்டார். நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிற மாதிரி பதில்கள் வந்தன. கொஞ்ச காலம் பள்ளிக்கோ கூட்டுப்பண்ணைப் படிப்புக்கோ போனவர்கள் சட்டென்று 'வெள்ளை' என்றார்கள். மூளை மாறியிருக்க நேரமில்லை. 'என்றால் என்ன ஆகும்' என்று கண்ணால் காணாததை வைத்துக் கணக்குப் போடுகிற பழக்கம் வந்திருந்தது. பள்ளிக்கூடம் செய்கிற பெரிய வேலை இதுதான். ஃபிளினும் கடைசியில் இதைத்தான் சொன்னார்: உலகத்தை வகை பிரித்து, ஊகத்தில் வைத்துப் பார்க்கிற விஞ்ஞானக் கண்ணாடியை நாம் மாட்டிக்கொண்டுவிட்டோம்.

இதைச் சொல்லி, ஏறியது ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. அந்தப் பழக்கம் இல்லாமல் கம்ப்யூட்டரும் ஓடாது, கடன் பத்திரமும் புரியாது. ஆனால் அது நரம்பிலோ ரத்தத்திலோ கூடிய சரக்கு இல்லை. மூன்று தலைமுறையில் மரபணு அவ்வளவு தூரம் மாறாது. சுற்றியிருக்கிற வாழ்க்கைதான் மாறியது. உங்கள் மனக்கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குரோஸ் 144 பெட்டி, இன்று ஏழரை குரோஸ் என்றால் 1,080 பெட்டி என்று வாய்க்குள்ளேயே சொல்லியிருப்பீர்கள். மதிப்பெண் அதிகம் ஏறாத பகுதி என்று சொன்னேனே, அது இதுதான். இதில் பேரனோடு தாராளமாகப் போட்டி போடலாம், போனை வாங்கி வைத்துவிட்டு.

கரிசல் காட்டில் மாறியது என்ன? 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது உங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதைப் பெரிதாக்கினார். பிறகு முட்டை வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. நீங்கள் நாலாம் வகுப்பை விட்டபோது பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் நின்றது, அது கையில் காசு கொடுத்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று அந்த வட்டாரம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் விரல் வேகத்தில்தான் கட்டை அடுக்கப்பட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நடுவில் இயந்திரங்கள், பஸ், சத்துணவு என்று எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளைகளை மெல்ல வகுப்பறைப் பக்கம் தள்ளின. வீட்டில் பிள்ளைகள் எண்ணிக்கையும் குறைந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இப்போது இரண்டு பிள்ளைகூட இல்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒவ்வொருவரோடும் பேச ஆள் இருக்கிறது.

கென்யாவில் எம்பு என்கிற விவசாயப் பகுதியில் 1984-லும் 1998-லும் ஏழு வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பதினான்கே வருடத்தில் ரேவன் தேர்வு மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது. ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களும் இவைதான்: பெற்றோரின் எழுத்தறிவு, சின்னக் குடும்பம், மேம்பட்ட சாப்பாடு.

ஏற்றம் எப்படி இவ்வளவு வேகம் பிடிக்கிறது என்பதற்கு ஃபிளினும் வில்லியம் டிக்கன்சும் 2001-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். அவர்கள் காட்டியது கூடைப்பந்து, நமக்குக் கோவில்பட்டி ஹாக்கி இருக்கிறது. தெருவில் நாலு பேர் நன்றாக ஆடினால் ஐந்தாமவன் அவர்களோடு ஆடியே தேறுவான். அவன் தேறியதால் அடுத்த தெரு தேறும். மட்டை பிடிக்கிற கை பிறவியிலேயே மாறவில்லை, ஊரின் ஆட்டம் ஏறிவிட்டது. படித்தவர்கள் நிறைந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நடப்பதும் அதுதான்.

தலைமுறை என்ன, ஒரே ஆளுக்கே சில மாதத்தில் மதிப்பெண் மாறும். அதைக் காட்டிய ஆய்வு நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ரேவன் வகைக் கேள்விகளைக் கொடுத்தார்கள். கரும்பு வெட்டி ஆலையில் பணம் வாங்குவதற்கு முன்பு ஒரு முறை, வாங்கிய பிறகு ஒரு முறை. வெட்டுக்கு முன்பு நூறில் 78 பேர் வீட்டில் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு 4 பேர்தான். அதே ஆள், அதே மூளை. சரியாகப் போட்ட விடைகள் சராசரி 4.35-லிருந்து 5.45 ஆக ஏறின. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். கடன் கவலை மனதில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, யோசிக்க மிச்சம் குறைவு என்பது அவர்கள் முடிவு. பிறகு வேறு இடங்களில் செய்த சில சோதனைகளில் இவ்வளவு வித்தியாசம் வரவில்லை, விமர்சனமும் உண்டு. ஆனால் புரட்டாசி மாதம் உரக்கடை பாக்கியும் நகைக்கடன் நோட்டீசுமாக இருக்கிற ஒருவரிடம் புதிர் கொடுத்துப் பார்த்தால் என்ன வரும் என்று கரிசல்காரர்களுக்கு ஆய்வு படிக்காமலே தெரியும்.

இந்த ஏற்றம் தானாக ஏறிக்கொண்டே போகும் என்று பேரன் நம்ப வேண்டாம். நார்வேயில் ராணுவச் சோதனைக்கு வந்த இளைஞர்களின் கணக்கை 2018-ல் வெளியிட்டார்கள். 1970-களின் நடுவில் பிறந்தவர்கள் வரை ஏறிய மதிப்பெண், அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இறங்கியிருக்கிறது. அதுவும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே. ஆக மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது, வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறியதையும் குற்றம் சொல்ல முடியாது. ஏற்றியதும் சூழ்நிலை, இறக்கியதும் சூழ்நிலை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊரில் யாருக்காவது உதவும். இந்தியப் பிள்ளைகளுக்கு இன்றும் பல மருத்துவமனைகளில் எடுக்கிற பினே-காமத் தேர்வு, தார்வாடில் வி.வி. காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்ப அமைத்தது. அதன் அடிப்படைக் கணக்கு சுதந்திரத்துக்கு முந்தையது. பழைய தேர்வில் இன்றைய பிள்ளைகள் கூடுதலாக வாங்குவார்கள் என்றேன் அல்லவா? உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற பிள்ளைகூட அந்த அளவில் 70-க்கு மேலே நின்றுவிடலாம். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்காகப் போகிறவர்கள் அந்த ஒரு எண்ணோடு திரும்பிவிட வேண்டாம். பிள்ளை தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது இதையெல்லாம் சேர்த்து மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்: பணத்தை வீணாக்காதீர்கள். நடுமூளை நம் எல்லோருக்கும் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, யாரும் முடுக்கிவிட வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை நிறம் சொல்வதும் புத்தகம் படிப்பதும் எப்படி என்றால், மூக்கின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிறது. நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் ஊர் ஊராகப் போய் இதை அம்பலப்படுத்தியிருக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக மட்டும் அல்ல. எட்டு வயதுப் பிள்ளைக்கு, பார்த்துக்கொண்டே பார்க்கவில்லை என்று பொய் சொல்லப் பழக்குகிறார்கள். அந்த பீசில் பேரனுக்கு நூலக உறுப்பினர் அட்டையும் ஒரு ஹாக்கி மட்டையும் வாங்கலாம், மிச்சத்துக்கு ஊர்க் கடலை மிட்டாய்.

இளைய மகளுக்கு வருகிறேன். மூளைக்கென்று விற்கிற பொடியும் டானிக்கும் வேண்டாம். இரண்டு விசயத்தைப் பாருங்கள்.

முதலில் உப்பு. கருவில் மூளை வளர அயோடின் வேண்டும். குறைந்தால் பிறகு எந்த டியூசனாலும் ஈடுகட்ட முடியாது. அமெரிக்காவில் 1924-ல் அயோடின் உப்பு கடைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்த ராணுவ வீரர்களின் கணக்கை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் பார்த்தார்கள். அயோடின் மிகக் குறைவாக இருந்த வட்டாரங்களில் ஐக்யூ 15 புள்ளி அளவுக்கு ஏறியிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஃபிளின் விளைவில் ஒரு பங்கு இந்த உப்புதான். நம் ஊர்க் கதையோ தலைகீழ். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், தூத்துக்குடி உப்பளம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 2018-19-ல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. நூறில் 62 வீடுதான். காரணம் பக்கத்திலேயே சல்லிசாகக் கிடைக்கிற கல் உப்பு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 2006-லிருந்து தடை உண்டு. ஆனாலும் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கிற கல் உப்பில் அது சேர்த்ததா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் அது இருக்கட்டும். அன்றாடக் குழம்புக்கு, சிரிக்கும் சூரியன் முத்திரை போட்ட பாக்கெட் உப்பு வாங்குங்கள். அடுப்பு மேட்டில் திறந்துபோட்டு வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிப் போட வேண்டாம், வழக்கமாகப் போடுகிற அளவே போதும்.

இரண்டாவது ரத்தம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூறுக்கு 57. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், கவனம் நிற்காது, அதைப் பிறகு 'மந்தம்' என்று சொல்லிவிடுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைக் குறைந்தது 180 நாளாவது மகள் விடாமல் போட வேண்டும். ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பதால் ஹீமோகுளோபின் எத்தனை என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். டீ, காபியோடு மட்டும் போடக் கூடாது, இரும்பை அது உடம்பில் சேர விடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது.